அப்பூச்சி காட்டிய பாடம்: ஸ்ரீரங்கத்து அரையர்களும் நம் கல்லூரி வகுப்பறைகளும்

கல்லூரிப் பாடத்துக்குள் நாடகம், பாட்டு, ஓவியம் இதையெல்லாம் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு இப்போது நிறையக் காதில் விழுகிறது. ஆசிரியர் பயிற்சி முகாம்களில் இது தனித் தலைப்பாகவே ஆகிவிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பள்ளிப் பாடங்களோடு கலையை இணைப்பது பற்றிப் பேசுகிறது. இதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பசங்க தூங்கிவிடுகிறார்கள், எழுப்ப ஏதாவது செய்தாக வேண்டும்.

எனக்கு இந்தக் காரணம் போதவில்லை. தூக்கம் கலைய ஒரு காபி போதுமே, அதற்கு எதற்கு நாடகம்? கலை வகுப்பறைக்குள் வந்தால் அது செய்யக்கூடிய வேலை இதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். ஒரு விஷயம் நமக்கு உண்மையிலேயே புரிந்திருக்கிறதா என்று அது சோதித்துக் காட்டிவிடும். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கத்திலேயே ஒன்று இருக்கிறது. அரையர் சேவை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தொழிலால் சாஃப்ட்வேர் ஆள், படித்தது பி.இ. வைணவ உரைகளை குருமுகமாகக் காலட்சேபம் கேட்டவன் கிடையாது. புத்தகம் வாங்கி, மெதுவாகப் படித்து, குறிப்பு எடுத்து வைக்கிற ரகம். இந்தக் கட்டுரையில் வரும் ஆசாரியர் கதைகள் குருபரம்பரை நூல்களும் உரை மரபும் சொல்லுபவை. அவற்றைக் கல்வெட்டுப் போல எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு சமூகம் தன் வகுப்பறையைப் பற்றி எப்படி நினைத்தது என்பதற்கு அவை நல்ல சாட்சி.

படிப்புக்கு ஒரு திருவிழா

மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் நடக்கும் பெரிய விழாவை நாம் வைகுண்ட ஏகாதசி என்று சொல்லிப் பழகிவிட்டோம். சொர்க்கவாசல், கூட்டம், டிவி நேரலை. அந்த விழாவின் முழுப் பெயர் அத்யயன உற்சவம். அத்யயனம் என்றால் ஓதுதல், பயிலுதல். பெயரே படிப்புத் திருவிழா என்றுதான் இருக்கிறது!

அமைப்பைப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு பாடத்திட்டம் மாதிரி இருக்கும். திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தோடு தொடக்கம். அடுத்து பகல் பத்து, அர்ச்சுன மண்டபத்தில். இதில் முதலாயிரமும் பெரிய திருமொழியும். பிறகு இராப் பத்து, ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள திருமாமணி மண்டபத்தில். இதில் நம்மாழ்வாரின் திருவாய்மொழி, நாளுக்கு ஒரு பத்து என்று பத்து நாள். நாலாயிரமும் மூன்று வாரத்தில் முடிகிறது.

கோயில் வரலாறான கோயிலொழுகு, இந்த விழாவைத் திருமங்கையாழ்வார் தொடங்கினார் என்றும், நடுவில் நின்றுபோனதை நாதமுனிகள் விரிவாக்கி மீண்டும் நடத்தினார் என்றும் சொல்கிறது. காட்டுமன்னார்கோயில்காரரான நாதமுனிகள் பாசுரங்களுக்குப் பண் அமைத்து, தன் மருமக்கள் கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் கற்றுக்கொடுத்தார் என்பது மரபு. அரையர்கள் தங்கள் கலையின் வேரை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

அரையர் என்ன செய்வார்? தலையில் உயரமான கூம்புக் குல்லாய், கழுத்தில் மாலை, கையில் தாளம். பாசுரத்தை இசையோடு சேவிப்பார். பிறகு அதற்கு அபிநயம் பிடிப்பார். அதன் பிறகு வியாக்கியானம் சொல்வார். இந்த வியாக்கியானத்துக்கு 'தம்பிரான் படி' என்று பெயர். அரையர் குடும்பங்களில் ஓலையில் எழுதி வைத்து, மனப்பாடமாகத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது. ஆக ஒரே ஆள், ஒரே மேடையில், ஒரே வரியை மூன்று வழியில் சொல்கிறார்: பாட்டாக, உடம்பால், உரைநடையில்.

முத்துக்குறி என்று ஒரு பகுதி உண்டு. பெருமாள்மேல் காதல் கொண்டு வாடும் மகள், கவலைப்படும் தாய், முத்தைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி, மூன்று பாத்திரங்களையும் ஒரே அரையர் ஏற்று நடத்துவார். செட் கிடையாது, வேஷ மாற்றம் கிடையாது. யார் பேசுகிறார்கள் என்பதைப் பார்ப்பவர்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

'இது கோயில் சடங்குதானே, பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் உயர்கல்வி எங்கே நடந்தது என்று பார்ப்போம். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள் கொண்ட கல்லூரிக்கு நெல்லும் பொன்னும் ஒதுக்கிய கணக்கு அது. வேதம், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் எல்லாம் அங்கே பாடம். அதே கோயிலில் திருவாய்மொழி ஓதுபவர்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. கல்லூரியும் பாட்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே பட்ஜெட்டில் இருந்த காலம் அது. ஸ்ரீரங்கத்திலும் அப்படித்தான். அரையரின் முன்னால் உட்கார்ந்தவர்கள் வெறும் பக்தர்கள் இல்லை. அன்றைய தேதிக்கு மிகப் பெரிய படிப்பாளிகள்.

ராமானுஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஐந்து ஆசிரியர்கள் என்று மரபு சொல்கிறது. அதில் ஒருவர் திருவரங்கப்பெருமாள் அரையர். ஆளவந்தாரின் மகன், மேடையில் ஆடுபவர். அவரிடம் பாடம் கேட்பதற்காக ராமானுஜர் ஆறு மாதம் அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்து, மஞ்சள் காப்பு அரைத்துக் கொடுத்துக் காத்திருந்தாராம். பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய ஆள், ஆடுபவரிடம் மாணவராகப் போய் நின்றிருக்கிறார். அந்த ஊரில் கலைஞர் என்பவர் பேராசிரியருக்கு ஒரு படி கீழே இருந்தவர் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது.

ஒரு சொல், இரண்டு அபிநயம்

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். வைணவர்கள் நிறையப் பேருக்குத் தெரிந்த கதைதான்.

பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பதிகம். கண்ணன் 'அப்பூச்சி' காட்டுகிறான் என்று ஆயர்பாடியில் இருப்பவர்கள் சொல்வதாக வரும். அப்பூச்சி என்றால் பிள்ளைகள் மற்றவர்களைப் பயமுறுத்தக் காட்டும் விளையாட்டு, நம் வீட்டுப் 'பூச்சாண்டி' மாதிரி. ஒரு நாள் ராமானுஜரும் சீடர்களும் உட்கார்ந்திருக்க, அரையர் இந்தப் பதிகத்தைச் சேவிக்கிறார். அப்பூச்சிக்கு அபிநயம் பிடிக்க வேண்டும். கண் இமையை மடித்துக் காட்டிப் பயமுறுத்தினார். குழந்தைகள் செய்வதும் அதுதான், ஆகவே சரியான அபிநயம்தான்.

ராமானுஜருக்குப் பின்னால் எம்பார் உட்கார்ந்திருக்கிறார். ராமானுஜரின் சித்தி மகன், இயற்பெயர் கோவிந்தர். அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குக் கொண்டுபோய், சங்கும் சக்கரமும் பிடித்திருப்பது போல அரையருக்கு மட்டும் தெரிகிற மாதிரிக் காட்டினார். அரையர் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை அந்த வரி வரும்போது அப்படியே செய்தார். உடனே ராமானுஜருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த யோசனை யாருடையதாக இருக்கும் என்று ஊகித்து, 'கோவிந்தரே, நீர் பின்னால் இருக்கிறீரா' என்கிற தொனியில் கேட்டாராம்.

ஏன் இந்தத் திருத்தம் இவ்வளவு முக்கியம்? இமையை மடித்தால் அது ஒரு குறும்புப் பையனின் சேட்டை. சங்கு சக்கரத்தைக் காட்டினால் கதையே வேறு. நேற்று வரைக்கும் மடியில் வைத்து வெண்ணெய் ஊட்டிய பிள்ளை, திடீரென்று தான் யார் என்று காட்டிவிடுகிறான். அன்பாகப் பழகிய இடத்தில் கடவுள் தெரிந்துவிட்டால் அதுதான் ஆயர்பாடிக்காரர்களுக்கு உண்மையான பயம். மற்ற பக்தர்கள் எதைப் பார்க்கத் தவம் கிடக்கிறார்களோ, அதைப் பார்த்து இவர்கள் மிரளுகிறார்கள். எளிமை, மேன்மை என்ற இரண்டு பெரிய தத்துவச் சொற்களை வைத்துப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதை எம்பார் கை அசைவில் முடித்துவிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். 'அப்பூச்சி என்றால் பயமுறுத்தும் விளையாட்டு' என்று உரையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அபிநயத்தில் அந்த வசதி கிடையாது. எப்படிப் பயமுறுத்தினான்? முகத்தாலா, கையாலா? பதில் தெரியாமல் கையைத் தூக்க முடியாது. சொல் மூடி மறைத்ததை உடம்பு கேட்டு வாங்கிவிடுகிறது. அதோடு, அரையர் ஒரு அர்த்தத்தைத் தேர்ந்தெடுத்து வெளியே காட்டியதால்தான் பின்வரிசையில் இருந்தவரால் 'இது வேறு மாதிரி இருக்கலாமே' என்று சொல்ல முடிந்தது. எங்கள் தொழிலில் இதை கோட் ரிவியூ என்போம். மனதில் இருக்கும் டிசைனை யாரும் திருத்த முடியாது. எழுதி ஓட்டிக் காட்டினால்தான் பக்கத்து சீட்காரர் பிழை சொல்வார்.

1970களில் பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 'ஃபோரம் தியேட்டர்' என்ற முறையை உருவாக்கினார். ஒரு சிறு காட்சியை நடித்துக் காட்டுவார்கள், அது மோசமாக முடியும். மறுபடி முதலிலிருந்து நடிக்கும்போது பார்வையாளர் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லி மேடை ஏறி, தான் நினைத்தபடி மாற்றி நடிக்கலாம். உலகம் முழுக்க இன்று கல்லூரிகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். போவால் ஒடுக்கப்பட்டவர்களின் அரசியலிலிருந்து வந்தவர், அரையர் சேவை கோயிலிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்ப்பவர் கை நீட்டித் திருத்தலாம், மேடையில் இருப்பவர் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு விதி இரண்டிலும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கைக் கதை

கலையின் பலத்தைச் சொல்லும்போது அதன் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். அதற்கும் ஸ்ரீரங்கத்திலேயே கதை இருக்கிறது.

ராமானுஜருக்கு முந்தைய தலைமுறையில் ஆளவந்தார். திருவனந்தபுரத்தைப் பற்றிய திருவாய்மொழிப் பதிகத்தை அரையர் சேவிக்கிறார். அங்கே போங்கள் என்று அடியார்களை அழைக்கும் இடம் வரும்போது அரையர் ஆளவந்தாரின் முகத்தைப் பார்த்துப் பாடினார். ஆளவந்தார் அதைத் தனக்கே இட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்குக் கிளம்பிவிட்டார். குருகைக்காவலப்பன் என்ற பெரியவர் யோக ரகசியத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு குறிப்பிட்ட நாளை அவருக்குக் கொடுத்திருந்தார். அந்த நாள் வழியிலேயே கடந்துபோச்சு. அந்தக் கல்வி அதோடு தொலைந்தது என்கிறது மரபு.

ஒரு வகுப்பு ரொம்ப நன்றாக நடந்ததால் இன்னொரு வகுப்பு போய்விட்டது! நடிப்பு ஆளைக் கிளப்பிவிடும். கிளம்பலாமா என்று யோசிக்க அது நேரம் தராது. அதனால்தான் அரையர் சேவையில் அபிநயத்தோடு நிறுத்தாமல் வியாக்கியானமும் சேர்ந்தே வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடிக் காட்டியதை உட்கார்ந்து பேசித் தெளியும் நேரம் அது. இன்றைய வகுப்பறைகளில் 'ரோல் பிளே' செய்துவிட்டு, கை தட்டி, மணி அடித்ததும் கலைந்துவிடுகிறார்களே, அங்கே விடுபடுவது இந்தப் பாதிதான்.

பகலில் வகுப்பு, இரவில் நோட்ஸ்

ராமானுஜருக்குப் பிந்தைய தலைமுறைகளில் ஸ்ரீரங்கம் திருவாய்மொழி உரைகளின் தலைநகரம் ஆகிறது. அந்த உரைகளுக்குப் பெயரே அளவுதான்: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. ஒரு படி என்பது 32 எழுத்து. ஆறாயிரப்படி என்றால் 1,92,000 எழுத்து, முப்பத்தாறாயிரம் என்றால் 11,52,000 எழுத்து. ஃபைல் சைஸையே ஃபைல் பெயராக வைத்த முதல் ஆட்கள் நம்மவர்கள்தான் என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு.

இதில் ஒன்பதினாயிரப்படியை எழுதியவர் நஞ்சீயர். அதைச் சுத்தப் பிரதி எடுக்க நம்பூர் வரதராஜர் என்ற மாணவரிடம் கொடுத்தார். அவர் ஓலைக்கட்டோடு சொந்த ஊருக்குப் போக, காவிரியில் இறங்கி நீந்தும்போது வெள்ளம் கட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. பேக்கப் கிடையாது. அவர் உட்கார்ந்து, வகுப்பில் கேட்டதை நினைவிலிருந்தே முழுவதும் எழுதினார். சில இடங்களில் மூலத்தைவிடச் சிறப்பான அர்த்தங்கள் விழுந்திருந்தன. நஞ்சீயர் படித்துப் பார்த்து, நடந்ததைக் கேட்டு, 'நம் பிள்ளை' என்று அணைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் நம்பிள்ளை.

பிறகு அதே நம்பிள்ளை கோயிலில் வகுப்பெடுத்தபோது கூடிய கூட்டத்தைப் பார்த்து, இது பெருமாளைச் சேவிக்க வந்த கூட்டமா, இவர் பேச்சைக் கேட்க வந்த கூட்டமா என்று வியந்தார்களாம். அந்த வகுப்பில் ஒரு மாணவர், வடக்குத் திருவீதிப் பிள்ளை, பகலில் கேட்டதை இரவில் ஓலையில் எழுதி வைத்தார். நம்பிள்ளை ஒரு நாள் அந்தக் கட்டைப் பார்த்துப் பிரமித்தார். ஆனால் அனுமதி இல்லாமல் எழுதியது என்று வாங்கி வைத்துக்கொண்டார், பின்னர் வேறொரு சீடர் வழியாக அது வெளியே வந்தது. அதுதான் முப்பத்தாறாயிரப்படி, 'ஈடு'. தமிழின் மிகப் பெரிய உரைகளில் ஒன்று, அடிப்படையில் ஒரு மாணவரின் கிளாஸ் நோட்ஸ்!

ஈட்டைப் படித்தால் அது தெரியும். யாரோ பேசிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். கேள்வி வரும், பதில் வரும், நடுவில் முன்னோர் வாழ்க்கைச் சம்பவங்கள் வரும். 15ஆம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் இந்த ஈட்டை ஸ்ரீரங்கத்தில் பெருமாள் முன்னால் ஒரு வருஷம் முழுக்கப் பாடம் சொன்னார், அதற்காக உற்சவங்களையே நிறுத்தி வைத்தார்கள் என்பது மரபு. ஒரு ஊரே ஒரு வருஷம் செமஸ்டர் நடத்தியிருக்கிறது.

ஓலை தப்பியது, அபிநயம்?

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு.

1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தது. உற்சவமூர்த்தியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். 1371இல்தான் நம்பெருமாள் திரும்பி வந்தார். இடையில் 48 வருஷம். படையெடுப்பின்போது சுருதப்பிரகாசிகை என்ற பெரிய உரை நூலின் ஓலைகளை வேதாந்த தேசிகர் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். ஓலையைக் காப்பாற்ற முடியும். மண்ணில் புதைக்கலாம், இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடலாம். அபிநயத்தை எங்கே புதைப்பது? அது ஒரு மனிதரின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. அவருக்கு மேடை வேண்டும், கற்க ஒரு பையன் வேண்டும், முக்கியமாக எம்பார் போல உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். 48 வருஷம் என்பது இரண்டு தலைமுறை.

கலை அழியவில்லை. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்தில் மேல்கோட்டை என்று இன்றும் அரையர் சேவை நடக்கிறது. ஆனால் நாதமுனிகள் அமைத்ததாகச் சொல்லும் பண்களில் பெரும்பகுதி இன்று நம் காதுக்கு எட்டவில்லை. உரைகள் அச்சேறி, இணையத்திலும் வந்து, யாரும் எங்கிருந்தும் படிக்கலாம் என்றாகிவிட்டது. அபிநயமோ ஒரு சில குடும்பங்களோடு நிற்கிறது. பரம்பரை உரிமை, ஆண்களுக்கு மட்டும் என்ற வட்டத்துக்குள் இருந்ததால்தான் இது இவ்வளவு காலம் மாறாமல் வந்தது என்று சொல்லலாம். அதே வட்டம்தான் இதைக் குறுக்கவும் செய்தது. தாயாகவும் மகளாகவும் குறத்தியாகவும் உருகும் ஒரு கலையில் பெண்ணுக்கு மேடையில் இடமில்லை என்பதை நான் சும்மா கடந்துபோக மாட்டேன்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. உரை ஒரு பக்கம் புத்தகமாகப் போய்விட்டது, அபிநயம் ஒரு பக்கம் உற்சவச் சடங்காக நின்றுவிட்டது. உரை படிப்பவர்கள் அபிநயத்தைப் பார்ப்பதில்லை, அபிநயத்தைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு உரை தெரியாது. இரண்டும் சேர்ந்திருந்தபோது அது வகுப்பு.

ஆறு தூங்குகிறதா?

இதே ஆற்றங்கரையில் இன்னொரு ஆசிரியரும் கலையைச் சோதனைக் கருவியாக்கினார். அவர் வந்தது இத்தாலியிலிருந்து. கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பல வருஷம் வாழ்ந்த வீரமாமுனிவர், இயற்பெயர் பெஸ்கி (1680–1747). இயேசு சபைத் துறவி. அந்தச் சபை தன் கல்லூரிகளுக்காக 1599இல் வகுத்த பாடமுறையிலேயே மேடை நாடகத்துக்கு இடம் கொடுத்திருந்தது. அந்தச் சபையின் திருச்சிக் கல்லூரியான செயின்ட் ஜோசப், 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்தது, பெஸ்கிக்கு ரொம்பப் பிந்தைய விஷயம்.

ஐரோப்பாவிலிருந்து புதிதாக வரும் பாதிரிமார்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க வேண்டும். செய்யுள் தமிழ் இல்லை, தெருவில் பேசும் தமிழ். அதற்கு இலக்கணம் எழுதினார், அகராதி எழுதினார். பயிற்சிப் பாடமாக அவர் எழுதியது ஒரு நகைச்சுவைக் கதை: பரமார்த்த குரு. 1822இல் லண்டனில் பாபிங்டன் இதை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார்.

ஆற்றைக் கடக்க வேண்டிய குரு, ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையோடு சீடனை அனுப்புவார். கட்டையைத் தண்ணீரில் வைத்ததும் 'சுர்ர்' என்று சீறிப் புகை வரும், ஐயோ விழித்திருக்கிறது என்று சீடன் ஓடிவருவான். கடந்த பிறகு ஆள் எண்ணும்போது ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

இதை ஏன் மொழிப் பாடமாக வைத்தார்? சிரிப்புக்கு ஏமாற்றத் தெரியாது. ஒரு வாக்கியம் புரிந்ததா என்று கேட்டால் எந்த மாணவனும் தலையாட்டிவிடுவான். நகைச்சுவை புரிந்ததா என்று கேட்கவே வேண்டாம், முகத்தில் தெரிந்துவிடும். அரையருக்கு அபிநயம் செய்த வேலையைப் பெஸ்கிக்கு நகைச்சுவை செய்திருக்கிறது.

லாக் விளையாட்டு

இதை என் தொழிலிலேயே சோதித்துப் பார்க்க முடிந்தது. ஆபீஸில் புதிதாகச் சேரும் இன்ஜினியர்களுக்கு வருஷத்தில் சில நாள் பாடம் எடுப்பேன். அதில் 'டெட்லாக்' என்றொரு தலைப்பு. இரண்டு புரோகிராம்கள், ஆளுக்கு ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவரின் பொருளுக்காகக் காத்துக்கொண்டே நின்றுபோவது. ஸ்லைடில் இரண்டு வட்டம், நான்கு அம்புக்குறி போட்டு விளக்கினால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அதற்குப் பதில் இரண்டு பேரை முன்னால் அழைத்தேன். மேஜையில் ஒரு ரிஜிஸ்டர், ஒரு பேனா. கையெழுத்துப் போட இரண்டும் வேண்டும். ஒருவர் பேனாவை எடுத்தார், மற்றவர் ரிஜிஸ்டரை எடுத்தார். நின்றார்கள். இதுதான் டெட்லாக், எல்லோரும் சிரித்தார்கள். எப்படிச் சரிசெய்வது என்று கேட்டேன். 'கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடலாம்' என்றார் ஒருவர். சரி, செய்யுங்கள் என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீழே வைத்தார்கள். ஒரே நேரத்தில் மறுபடி எடுத்தார்கள். மறுபடி வைத்தார்கள். 'நீங்க முதல்ல', 'இல்லங்க, நீங்க முதல்ல' என்று அது முடியவே இல்லை.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னார்: 'சார், இப்ப ரெண்டு பேரும் வேலை செஞ்சுகிட்டேதான் இருக்காங்க. ஆனா வேலை நடக்கல.' அதற்குப் பாடப்புத்தகத்தில் 'லைவ்லாக்' என்று பெயர். அன்றைய பாடத்தில் அது இல்லை. நான் சொல்லவும் இல்லை. ஸ்லைடு அந்தக் கேள்வியை எழுப்பியிருக்காது. அம்புக்குறிக்கு 'எப்போது?' என்ற பிரச்சினையே கிடையாது, கைக்கு உண்டு.

எதை எடுத்துக்கொள்ளலாம்

நம் கல்லூரிகளில் கலைக்குப் பஞ்சமில்லை. திருச்சியிலேயே என்.ஐ.டி.யின் ஃபெஸ்டெம்பர் விழாவுக்கு ஊர் ஊராகப் பசங்க வருகிறார்கள். ஆனால் கலை என்பது கல்ச்சுரல்ஸ் நாட்களுக்கு, பாடம் என்பது மற்ற நாட்களுக்கு என்று சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம். நான் படித்த காலத்தில் மஞ்சளாகிப்போன நோட்டை ஆசிரியர் வாசிக்க நாங்கள் எழுதினோம். இப்போது ஸ்லைடை வாசிக்கிறார்கள், பசங்க போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் யாரும் எந்த அர்த்தத்துக்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

ஆசிரியராக இருக்கும் நண்பர்களுக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து மூன்று விஷயங்களைச் சொல்வேன். ஒன்று, பாடத்தில் எந்த இடம் வழுக்கலாக இருக்கிறதோ, எல்லோரும் தலையாட்டிக் கடக்கிறார்களோ, அதைத்தான் நடிக்கக் கொடுக்க வேண்டும். சுலபமான இடத்தை நடித்தால் அது பொழுதுபோக்கு. இரண்டு, ஒரு முறை நடித்தால் போதாது. பின்வரிசை ஆள் திருத்தி, மறுபடி நடிக்க வேண்டும். எம்பாரின் கை அரையருக்குத் தெரிந்ததற்குக் காரணம் அந்த வரி மறுபடியும் வந்ததுதான். மூன்று, நடித்த பிறகு வியாக்கியானம் கட்டாயம். அன்று இரவே யாராவது ஒருவர் எழுதியும் வைக்க வேண்டும். வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதாமல் விட்டிருந்தால் நமக்கு ஈடு இல்லை.

இந்த மார்கழியில் ஸ்ரீரங்கம் போகிறவர்கள், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை விட்டுவிட்டுப் பகல் பத்தில் ஏதாவது ஒரு நாள் அர்ச்சுன மண்டபத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். போவதற்கு முன்னால் அன்றைய பாசுரங்களில் ஒன்றையாவது உரையோடு படித்துவிட்டுப் போங்கள். அரையரின் கையை மட்டும் பாருங்கள். நீங்கள் படித்த அர்த்தமும் அவர் காட்டும் அர்த்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால், உங்களுக்கு அங்கே ஒரு வகுப்பு நடந்திருக்கிறது.